ஊரடங்கு ஜோக்குகளும் நம் வீட்டுப் பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். 2020 ஊரடங்கின்போது என் போனுக்கு வந்த கணவன் மனைவி ஜோக்குகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன். மே மாதம் முடிவதற்குள் நோட்டு நிறைந்துவிட்டது. அதன் பிறகு இதைப் பற்றி மகளிர் குழுக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், வகுப்பில் பேசியிருக்கிறேன், கல்யாண வீட்டில் பந்தி காத்திருக்கும்போதும் பேச நேர்ந்திருக்கிறது. எங்கே பேசினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

எந்த ஜோக்கைச் சொல்லுதீங்க டீச்சர்? கொரோனா நேரத்துல ஆயிரம் ஜோக் வந்துச்சே.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. நீட்டி நீட்டி மே 31 வரை போனது. அந்த நாட்களில் எல்லோர் கையிலும் போன் இருந்தது, வெளியே போக வழியில்லை. வைரஸ் பற்றி, போலீஸ் தடி பற்றி, தும்மினால் ஊரே ஓடுவது பற்றியெல்லாம் ஜோக் வந்தது. அவற்றை நான் சொல்லவில்லை.

நான் எழுதி வைத்தவை வீட்டுக்குள் நடப்பதாகச் சொன்ன ஜோக்குகள். புரட்டிப் பார்த்தால் கதை ஐந்தாறுதான். மனைவி பூரிக்கட்டையோடு நிற்பாள். கணவன் பாத்திரம் கழுவி அழுவான். பியூட்டி பார்லர் மூடியதால் மனைவியை அடையாளம் தெரியாமல் கணவன் அலறுவான். மாஸ்க் வந்ததால் மனைவியின் வாய் மூடியது என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவான். நர்ஸ் அழகாக இருந்தால் கொரோனா வந்தாலும் பரவாயில்லை என்பான். டாஸ்மாக் எப்போது திறக்கும் என்று நாட்காட்டியைக் கிழிப்பான். படத்துக்கு வடிவேலு முகம் இருக்கும், அல்லது ஒரு குண்டுப் பெண்ணின் கார்ட்டூன் இருக்கும்.

நம் மாவட்டத்தில் இது இரட்டிப்பாக வந்தது. கேரள எல்லையில் களியக்காவிளையில் சோதனைச் சாவடி போட்டு வண்டியை மறித்தார்கள், ஆனால் விளவங்கோடு பக்கத்து வீடுகளுக்கு மலையாள ட்ரோல் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. காலையில் மலையாளத்தில் பார்த்த அதே கதை மாலையில் தமிழில் வரும். மனைவி மட்டும் நைட்டியிலிருந்து சேலைக்கு மாறியிருப்பாள்.

சும்மா ஒரு தமாசுக்குப் போட்டதாக்கும். அதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு?

சிரிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயந்து கிடந்த நாட்களில் சிரிப்புதான் பலரை நிமிர்த்தி வைத்தது. தமிழ் இலக்கண மரபு நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல், அதாவது கேலிதான் முதலில் வருகிறது. எள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டும். ஊரே அடைந்து கிடந்தபோது எல்லோர் கைக்கும் எளிதாக அகப்பட்ட ஆள் மனைவி.

ஒரு ஜோக்குக்குச் சிரிக்க வேண்டுமானால், அதற்கு முன்னாலேயே ஒன்றை நாம் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். 'மாஸ்க் போட்டால் அவள் வாய் மூடும்' என்பதற்குச் சிரிக்கிறவர், பெண் என்றால் ஓயாமல் பேசுவாள், அந்தப் பேச்சில் கேட்க ஒன்றும் இருக்காது என்பதை ஒத்துக்கொண்ட பிறகே சிரிக்கிறார். ஒரு நாளைக்கு இருபது முறை, இரண்டு மாதம், ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டால் அது ஜோக் என்ற கணக்கிலிருந்து பழக்கம் என்ற கணக்குக்குப் போய்விடுகிறது. என் கவலை அந்தப் பழக்கத்தைப் பற்றியது.

கொரோனா முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு, இப்போ எதுக்கு அதைக் கிளறணும்?

ஜோக் முடியவில்லை என்பதால்தான். ஊரடங்கு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, 'லீவு நாள்', 'ஒர்க் பிரம் ஹோம்' என்று மாற்றி, அதே படங்கள் இன்றும் வருகின்றன. அன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருந்து அப்பாவின் போனில் ஆன்லைன் வகுப்பு கேட்ட பையன்கள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். வகுப்பு நடக்கும்போது மேலே வந்து விழுந்த அந்தப் படங்களும் அவர்கள் படித்த பாடத்தோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கின்றன.

ஆம்பளைங்களையும்தானே கேலி பண்ணினாங்க? பாத்திரம் கழுவுத புருஷன், சோறு குழைச்ச புருஷன்னு எங்களை வச்சுதானே செஞ்சாங்க?

நியாயமான கேள்வி. என் நோட்டில் பாதிக்கு மேல் கேலிக்கு ஆளாகிற முகம் ஆணின் முகம்தான். ஆனால் அவன் எதற்காகக் கேலிக்கு ஆளாகிறான் என்று பாருங்கள். குடித்ததற்காக இல்லை, திட்டியதற்காக இல்லை. பாத்திரம் கழுவியதற்காக. துடைப்பத்தைக் கையில் எடுத்ததற்காக. 'எப்படி இருந்த மனுசன் இப்படி ஆயிட்டான்' என்பதுதான் எல்லாப் படத்துக்கும் அடிநாதம். பெண் தினமும் செய்கிற வேலையை ஆண் ஒரு நாள் செய்தால் அது இழிவு என்று ஆகிறது. கேலி அவனுக்குப் போகிறது, இழிவு அந்த வேலைக்குப் போகிறது. அந்த வேலை அவளுடையது.

ஏப்ரல், மே நமக்குச் சக்கை சீசன், அதாவது பலாப்பழக் காலம். கடை இல்லாத நாட்களில் பல வீடுகளைக் காப்பாற்றியது பின்னால் நின்ற பிலாமரம்தான். சக்கை முன்னால் கணவன் பசை ஒட்டிய கையோடு அழுவது போல ஒரு படம் எல்லாக் குரூப்பிலும் சுற்றியது. எங்கள் தெருவில் நான் பார்த்தவரை ஆண்கள் சக்கையை வெட்டி இறக்கிப் பிளந்து போட்டார்கள். அதன் பிறகு கையில் தேங்காயெண்ணெய் தடவி, சுளை சுளையாக எடுத்து, சவணி என்கிற நாரைக் களைந்து, கொட்டையைத் தனியாக்கி, வேகவைத்து, மிச்சத்தை வற்றல் போட்டவர்கள் பெண்கள். காலை தொடங்கினால் மதியம் தாண்டும். அந்தக் கையை யாரும் படம் போடவில்லை.

ஊரடங்கில் உண்மையாகவே அடுக்களைக்குள் போன ஆண்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், பஸ் டிரைவர், அந்த இரண்டு மாதத்தில் மீன்கறி வைக்கப் படித்தார். வைத்த கறியைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார். 'மைனி நல்லா வேலை வாங்குதாளே' என்று வரிசையாகப் பதில் வந்தது. அதன் பிறகு அவர் படம் போடவில்லை. கறி வைப்பதையும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்.

பூரிக்கட்டை ஜோக்கில அடி வாங்குறது ஆம்பளதானே? அதுல பொம்பளைக்கு என்ன நஷ்டம்?

இந்த ஒரு ஜோக்கைப் பற்றி மட்டும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். முதலில் அது நம்முடைய ஜோக்கே இல்லை. நம் வீடுகளில் காலையில் புட்டும் பயறும், இல்லையென்றால் தோசை. மாலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. பூரிக்கட்டை எப்போதாவது எடுக்கிற சாமான். இந்தியில் சப்பாத்திக் கட்டையை வைத்துச் சொன்ன ஜோக், கட்டையை மட்டும் மாற்றாமல் தமிழாகி வந்திருக்கிறது.

வீட்டுக்குள் உண்மையில் நடந்தது இதற்கு நேர் எதிர். தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2020-இல் வந்த புகார்கள் 23,722. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டும் அத்தனை வந்ததில்லை. அவற்றில் 5,294 வீட்டு வன்முறைப் புகார்கள். ஊரடங்கு தொடங்கிப் பதினாறே நாளில், ஏப்ரல் 10 அன்று, ஆணையம் புகாருக்காகவே ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தது. அடிக்கிறவர் அடுத்த அறையில் இருக்கும்போது போனில் வாய்விட்டுப் பேச முடியாது, எழுத்தில் அனுப்பினால்தான் உண்டு என்பது காரணம். ஏப்ரல் 5 அன்று ஐ.நா. பொதுச்செயலர் அன்டோனியோ குட்டெரெஸ், போருக்குச் சொல்கிற மாதிரியே வீட்டுக்குள்ளும் 'தாக்குதல் நிறுத்தம்' வேண்டும் என்று எல்லா நாடுகளிடமும் கேட்டார். பூரிக்கட்டைப் படம் வந்ததும் வாட்ஸ்அப்பில்தான், புகார் போனதும் வாட்ஸ்அப்பில்தான்.

ஒரு குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். ஊரடங்கில் ஒரு நாள் சாயங்காலம் அவருடைய கணவர் பூரிக்கட்டை ஜோக்கை எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்திருக்கிறார். மாமியார் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். முந்தின நாள் இவருடைய முழங்கை கன்றிப் போயிருந்தது. 'சிரிக்காம இருந்தா அதுக்கும் கேப்பாரு டீச்சர்' என்றார். அன்றிலிருந்து அந்த ஜோக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முழங்கைதான் ஞாபகம் வருகிறது.

அடி வாங்கும் ஆண்கள் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த ஜோக் துரோகம்தான் செய்கிறது. அப்படி ஒருவர் வாய்திறந்து சொல்ல வந்தால் முதலில் கேட்பது சிரிப்புச் சத்தம்தான்.

வீட்டு வேலை அப்போ நிஜமாவே கூடுச்சா? எல்லாரும் வீட்லதானே இருந்தோம், பங்கு போட்டிருப்போம் இல்லையா?

நம் நாட்டில் யார் எவ்வளவு நேரம் என்ன வேலை செய்கிறார்கள் என்று மத்திய அரசு 2019-இல் கணக்கெடுத்தது. தொற்றுக்கு முந்தைய வருடம் என்பதால் அது நல்ல அளவுகோல். வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அதுவும் 'செய்கிற' ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

இந்த வீட்டுக்குள் ஊரடங்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் எல்லோருக்கும் சாப்பாடு வீட்டிலேயே. பள்ளிச் சத்துணவு இல்லை, டீக்கடை இல்லை, ஓட்டல் இல்லை. வெளியே போய் வந்த துணி தனியாக, காய்கறி உப்புத்தண்ணீரில் தனியாக, கிழவி கிழவருக்குக் கஷாயம் தனியாக. ஜூனுக்குப் பிறகு ஆன்லைன் வகுப்புக்குப் பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். பங்கு போட்ட வீடுகள் இருக்கின்றன, அந்த டிரைவர் அண்ணனைச் சொன்னேன். ஆனால் 2024-இல் எடுத்த அதே கணக்கில் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. ஊரடங்கில் ஆண்கள் கற்ற அடுக்களைப் பழக்கம் நிலைத்திருந்தால் ஆண்களின் கணக்கு ஏறியிருக்க வேண்டும். இறங்கியிருக்கிறது.

என் நோட்டில் உள்ள ஜோக்குகள் எல்லாமே வீட்டை ஜெயிலாகக் காட்டின, கணவனைக் கைதியாகக் காட்டின. மனைவி ஜெயிலர். அந்த வீடு அவளுடைய வேலைத்தலம், அன்றைக்கு அங்கே ஆள் கூடி வேலையும் கூடியது என்பது ஒரு ஜோக்கிலும் இல்லை.

நம்ம ஜில்லா படிச்ச ஜில்லா. இங்கேயுமா இப்படி?

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதல் இடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இரண்டிலும் எனக்குப் பெருமை உண்டு. படிப்பு ஜோக்கை வாசிக்கவும் பார்வர்டு செய்யவும் உதவியதே தவிர, நிறுத்த உதவவில்லை. நம் குரூப்களில் அதிகம் போட்டவர்கள் படித்தவர்கள்தான். என்னோடு ஆசிரியப் பயிற்சி படித்தவர்கள், வங்கியில் இருப்பவர்கள்.

பார்லர் ஜோக்கைப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றும். தோளில் ஒரு சீலை போட்டுக்கொள்ளும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாளின் அறிவிப்பு வந்த பிறகுதான் நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை நீங்கியது. பெண்ணின் உடம்பை ஊர் முழுக்கப் பார்த்துப் பேசுவது என்ன வலி என்று நம் பூட்டிமாருக்குத் தெரியும். புருவம் திருத்தாத மனைவியைப் பேயாக வரைந்த படம் அதே ஊர்களில், அதே குடும்பங்களின் குரூப்பில் சுற்றியதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்க வீட்டுப் பொம்பளைங்களே அதை அனுப்பிச் சிரிச்சாங்களே. அவங்களுக்கே வருத்தம் இல்லை, உங்களுக்கு என்ன?

அனுப்பினார்கள். நானும் மார்ச் கடைசியில் இரண்டு அனுப்பியிருக்கிறேன். பெண்கள் சிரித்ததற்கு ஒரே காரணம் இல்லை. சிலருக்கு அது உண்மையிலேயே வேடிக்கை. சிலருக்கு 'நான் அந்த மாதிரி மனைவி இல்லை' என்று காட்டிக்கொள்ளும் வழி. சிலர் சிரிக்காவிட்டால் 'உனக்குத் தமாசே புரியாது' என்று பேச்சு வாங்க வேண்டும். பூரிக்கட்டைக் கேள்வியில் சொன்ன அக்கா எதற்காகச் சிரித்தார் என்று உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே சிரிப்பாகத்தான் தெரியும்.

நர்ஸ் ஜோக் அவங்களைப் புகழ்றதுதானே? அழகுன்னு சொன்னா தப்பா?

நம் மாவட்டத்தில் இதைக் கேட்பவர் வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்க வாய்ப்புண்டு. 1838-இல் நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய காலத்திலிருந்து நமக்கு இது பழகிய தொழில். வளைகுடா வரை போய் வேலை பார்க்கிறார்கள். ஊரடங்கில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொரோனா வார்டு நடந்தது. பாதுகாப்பு உடையை ஒருமுறை போட்டால் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது, மாதவிலக்கு நாளிலும் அதேதான். வேலை முடிந்து வந்தால் பிள்ளையைத் தொட முடியாது. சிலருக்கு ஊரில் வாடகை வீட்டுக்காரர் தொந்தரவு.

அப்படிப்பட்ட ஒருவரை 'அந்த நர்ஸ் ஊசி போட்டால் பத்து தடவை கொரோனா வரலாம்' என்று எழுதுவது புகழ் இல்லை. அவருடைய படிப்பு, ஆபத்து, களைப்பு எல்லாம் போய், பார்த்து ரசிக்க ஒரு முகம் மட்டும் மிஞ்சுகிறது. 'தேவதை' என்று கும்பிட்டுப் போட்ட படங்களும் எனக்கு உவப்பில்லை. தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், ஓய்வு வேண்டாம். நர்ஸுக்கு வேண்டும்.

டாஸ்மாக் ஜோக்காவது விடுங்க டீச்சர். அது ஆம்பளைங்க தங்களைத் தாங்களே கேலி பண்ணினது.

2020 மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் கடை திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும் மே 16 அன்று மறுபடி திறந்தது. அந்தப் பத்து நாளும் ஜோக் மழை. அதற்கு முந்தைய ஆறு வாரத்தைப் பற்றி ஒரு குழுக் கூட்டத்தில் பெண்கள் சொன்னது வேறு. 'எங்க வீட்ல ராத்திரி நிம்மதியாத் தூங்கினோம்' என்றவர்கள் உண்டு. குடி கிடைக்காமல் கைநடுக்கமும் கோபமும் கூடி, அடி கூடியது என்றவர்களும் உண்டு. கடை திறந்த செய்தி இரண்டு வகை வீட்டுக்கும் வேறு வேறு செய்தி. ஜோக்கில் அது ஒரே திருவிழா.

அப்போ ஆம்பளைங்களுக்குக் கஷ்டமே இல்லையா? எங்க அப்பா அந்த வருஷம் எப்படி இருந்தாருன்னு எனக்குத்தான் தெரியும்.

இதைக் கேட்டது பன்னிரண்டாம் வகுப்புப் பையன். அவன் கேட்டது சரி. ரப்பர் வெட்டு நின்றது, கொத்தவேலை நின்றது, படகு கரையில் கிடந்தது. ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போன தமிழ்நாட்டு மீனவர்கள், அவர்களில் பலர் நம் கடற்கரை ஊர்க்காரர்கள், மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் 600-க்கும் அதிகமானவர்களை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்றுதான் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அதுவரை கரையில் அவர்களுடைய மனைவிமார் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்கள். 'வீட்டுக்காரர் வீட்டிலேயே இருப்பது தொல்லை' என்ற ஜோக் அந்தப் போனுக்கும் வந்திருக்கும்.

சம்பாதிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஆணுக்கு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல நம் ஊரில் வார்த்தை கொடுக்கப்படவில்லை. 'பொண்டாட்டி தொல்லை' என்று சொல்லச் சிரிப்போடு இடம் கொடுக்கப்பட்டது. கடன் பயம், வேலை பயம், சாவு பயம் எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாக வந்து அவள் மேல் விழுந்தது. அந்தப் பையனிடம் நான் இதைத்தான் சொன்னேன்: உன் அப்பாவின் கஷ்டத்தையும் அந்த ஜோக்குகள் சொல்லவில்லை மக்களே.

ஜோக் போடுறவன் எல்லாம் வீட்டுல அடிக்கிறவன்னு சொல்லுதீங்களா?

இல்லை. என் குரூப்பில் போட்டவர்களில் மிகவும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். தாமஸ் ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் கூட இருந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். பெண்கள் மேல் முன்பே வெறுப்பு உள்ள ஆண்கள் பெண்களை மட்டம் தட்டும் ஜோக்குகளை வாசித்த பிறகு, பெண்கள் அமைப்புக்குப் பணம் கொடுக்கத் தயாரான அளவு குறைந்தது. அதே கருத்தை ஜோக் இல்லாமல் நேராக வாசித்தபோது அப்படிக் குறையவில்லை. வெறுப்பு இல்லாதவர்களை ஜோக் வெறுப்பவர்களாக மாற்றிவிடுகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உள்ளே இருப்பதை வெளியே விட 'இங்கே இது பரவாயில்லை' என்ற அனுமதியை ஜோக் கொடுக்கிறது.

ஆகவே நல்லவர் போட்ட ஜோக்கு அவருக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். அதே குரூப்பில் இருக்கும் இன்னொருவருக்கு அது அனுமதிச் சீட்டு. இருநூறு பேர் உள்ள குரூப்பில் அந்த இன்னொருவர் யார் என்று நமக்குத் தெரியாது.

ஒரு நாட்டு அரசாங்கமே இப்படி ஜோக் போட்டுச்சுன்னு கூட்டத்துல சொன்னீங்களே, நிஜமா?

ஜோக்காக இல்லை, அறிவுரையாகவே போட்டார்கள். 2020 மார்ச் கடைசியில் மலேசியாவின் மகளிர் நலத் துறை, ஊரடங்கில் மனைவிகள் கணவரைக் குத்திப் பேசாமல் டோரேமான் பொம்மை மாதிரிக் குரலில் கொஞ்சிப் பேசலாம், வீட்டிலும் அலங்காரம் செய்துகொள்ளலாம் என்று படம் வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் நீக்கி மன்னிப்புக் கேட்டது. கவனியுங்கள், நம் பார்லர் ஜோக்கும் மாஸ்க் ஜோக்கும் சொல்வது இதே இரண்டு விஷயம்தான்.

இதுக்கெல்லாம் கேஸ் வருமா? நான் குரூப் அட்மின், என்னையும் பிடிப்பாங்களா?

சாதாரணக் கணவன் மனைவி ஜோக்குக்கு வழக்கு வராது, வரவும் வேண்டாம். அட்மினைப் பற்றி 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தெளிவாகச் சொன்னது: வெறும் அட்மினாக மட்டும் இருந்தால், இன்னொருவர் போட்டதற்கு அவர் பொறுப்பல்ல.

ஆனால் குறிப்பிட்ட பெண்ணையோ பெண்களையோ இழிவுபடுத்துவது வேறு. 'நான் எழுதவில்லை, பார்வர்டுதான் செய்தேன்' என்பது அங்கே உதவாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி 2018-இல் ஒரு இழிவான பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் அதைத்தான் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் படத்தை எடுத்து ஜோக் எழுதிப் போடுவதை இளவட்டங்கள் விளையாட்டாக நினைக்கிறார்கள். அது விளையாட்டில்லை. உங்களுக்கு அப்படி நடந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிடலாம்.

குடும்பக் குரூப்பில பெரியவங்க போடுதாங்க. மாமாகிட்ட எப்படிச் சொல்றது? வீட்ல சண்டை வந்துரும்.

நான் செய்த தவறிலிருந்து சொல்கிறேன். ஏப்ரலில் என் பள்ளித்தோழர் குரூப்பில் நீளமாக ஒரு மறுப்பு எழுதினேன். ஒருவரும் ஜோக்கைப் பற்றிப் பேசவில்லை, என் குணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நான் வெளியே வந்தேன். ஜோக் தொடர்ந்தது.

இப்போது குரூப்பில் எழுதுவதில்லை. தனியே கூப்பிடுகிறேன். என் பெரிய மாமாவிடம், 'மாமா, அந்தப் பாத்திரம் கழுவுத படம் பாத்தேன். மாமிக்கு முட்டுவலி வந்த பிறகு நீங்கதானே கழுவுதீங்க? அது எங்களுக்கெல்லாம் பெருமைல்லா. அதை நீங்களே கேலி செய்யலாமா?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'எவனோ அனுப்பினான், நான் பாக்காமத் தள்ளிட்டேன் மக்களே' என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். பலர் வாசிக்காமலே தள்ளுகிறார்கள். பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஊர் சுற்றி வந்த சரக்கு என்று அர்த்தம், இன்னொரு முறை வாசித்துவிட்டு முடிவெடுக்கலாம். எல்லா மாமாவும் என் மாமா மாதிரி இருக்க மாட்டார்கள். கோபக்காரரிடம் சொல்வது உங்களுக்கே ஆபத்து என்றால் விட்டுவிடுங்கள், சிரிப்புப் பொம்மை போடாமல் இருந்தாலே போதும்.

ஒரு வீட்ல நிஜமாவே அடி நடக்குதுன்னு தெரியுது. என்ன செய்யணும்?

181 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் பெண்கள் உதவி எண். காசில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. திட்டி இழிவுபடுத்துவது, சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் வைப்பது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாம் அதில் வன்முறைதான். நாகர்கோவிலில் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். போவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், அவர் சம்மதிக்கிற நேரத்தில் செய்யுங்கள். அவருடைய போனை வேறு யாராவது பார்ப்பார்களா என்று தெரியாமல் அதில் எதையும் எழுதி அனுப்ப வேண்டாம்.

அப்போ கணவன் மனைவி ஜோக்கே கூடாதா? பொம்பளைங்களே தங்க வீட்டைப் பத்திச் சொன்னாலும் தப்பா?

இது கடைசியாக வந்த கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும் கூட. கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஜோக்கில் யார் வாய் பேசுகிறது, அதைச் சொல்வதால் யார் தலை நிமிர்கிறது என்று பார்ப்பேன்.

அருமனைப் பக்கம் முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிற பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆலை அடைத்திருந்ததால் கூலி இல்லாத நாட்கள் அவை. அவர்களில் ஒருவர், அறுபது வயது இருக்கும், ஊரடங்கு பற்றிச் சொன்னது இது ('அங்கேரு' என்றது தன் கணவரை): 'முப்பது வருசமா அங்கேரு பேசமாட்டாருன்னு நெனச்சேன். ஊரடங்குல பேசத் தொடங்கினாரு. அப்பத்தான் தெரிஞ்சுது, அங்கேருக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னுகூடத் தெரியாதுன்னு. தெனமும் ஒரு எடத்துல மாத்தி வச்சேன். அதைத் தேடித் தேடி அடுக்களையில மிச்சமுள்ளதெல்லாம் எங்க இருக்குன்னு படிச்சிட்டாரு.' பக்கத்தில் இருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருடைய கணவர் வெளித்திண்ணையில் இருந்தார், அவரும் சிரித்தார். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார்.